சனிக்கிழமை யானை

எட்டு வயது இளையவனாகப் பிறந்தும் எனக்கு முன்னே போய்விட்ட என் தம்பி சிதம்பரத்துக்கு,

நீ போய் ஓராண்டு ஆகிறது. இறந்தவர்கள் கடிதம் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். சென்னையில் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அக்கா இப்படித்தான் பேசுகிறாள் என்று நீ சிரிப்பாய். "அக்காவுக்கு எதையும் அளந்து காட்டணும்" என்பாயே, அதே சிரிப்பு.

ஆனாலும் எழுதுகிறேன். பலரும் படிக்கட்டும் என்று அச்சுக்கும் கொடுக்கிறேன். உன்னைப் பற்றி இங்கே ஒரு பேச்சு நடக்கிறது, தம்பி. வனவிலங்கு இலாகாவின் ரேஞ்சர் சிதம்பரம் இல்லாத யானையை இருப்பதாக எழுதி ஏமாற்றினார் என்கிறார்கள். அந்தப் பேச்சுக்குக் காரணம் நான்தான். அதனால் நடந்ததை நானே சொல்லவேண்டும்.

காய்ச்சலில் நீ கண்ணை மூடிய அடுத்த மாதம், உன் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை உன் நோட்டுப் புத்தகங்கள் நான்கையும் ஜொகூர் பாருவில் என் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவைத்தார். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். இடையிடையே நசுங்கிய அட்டைப்பூச்சியின் இரத்தக் கறை. ஆங்கிலத்தில் சுத்தப் பிரதி எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டிருந்தார். உன் கையெழுத்தைப் படிக்க வேறு யாரால் முடியும்?

அவருக்கு அவசரம் இருந்தது. காஹாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மானேஜர், புதிதாக நட்ட எண்ணெய்ப்பனைக் கன்றுகளை ஓர் ஆண் யானை பிடுங்கித் தின்கிறது, சுட அனுமதி வேண்டும் என்று மனுப் போட்டிருந்தார். இடது தந்தம் ஒடிந்த அந்த யானையை நீ பலமுறை நேரில் கண்டு எழுதியிருக்கிறாய். அதே கூட்டத்தில் இன்னோர் ஆண் யானையும் இருப்பதாக எழுதியிருந்தாய். அதை நீ கண்ணால் பார்த்ததில்லை. தடம் மட்டும்தான். முன்காலடியைச் சுற்றிப் பிரம்புக் கயிறு வைத்து அளந்து, இரண்டால் பெருக்கி, உயரம் கணித்து, "பெரியவர்" என்று பெயரும் வைத்திருந்தாய். கடவுளுக்கே மரியாதை கொடுக்காதவன் யானைக்கு 'அர்' விகுதி போட்டிருக்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

துரையின் எண்ணம் எளிமையானது. ஆண் இரண்டு இருக்கிறது. ஒன்றைச் சுட்டால் கூட்டம் அழிந்துவிடாது.

பிரதி எடுத்துக்கொண்டு வரும்போது மூன்றாவது நோட்டில் கை நின்றது. பெரியவரின் தடம் பதிந்த நாளெல்லாம் சனிக்கிழமை. முதல் இரண்டு நோட்டுகளையும் திரும்பப் புரட்டினேன். அங்கும் சனிக்கிழமைதான். இடமும் ஒன்றே, தோட்டத்து ஓரம், ஆற்றுக்குப் போகும் சேற்றுப் பாதை. உள்காட்டில் ஒரு தடம்கூட இல்லை. யானை கிழமை பார்த்தா நடக்கும்?

காஹாங் போகும்போதெல்லாம் நீ தங்கிய அறையையோ, உன் சாமான்களையோ பார்க்க எனக்கு மனம் வந்ததில்லை. இப்போது போனேன். குளுவாங் வரை ரயில், அங்கிருந்து லாரி. ஆற்றோரத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம், யானைத் தடம் எங்கே விழும் என்று கேட்டேன். முனியம்மா என்பவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சாமி பாதமா? இந்தா, இந்த எடந்தான் டீச்சரம்மா. வெள்ளிக்கெழம சாயங்காலம் நாங்க பூச பண்ணுவோம்."

"பூசையா? என்ன செய்வீங்க?"

"ஒதிர்ற ஓரத்தச் சீவி உட்டுட்டு, களிமண்ணு போட்டு வட்டமா மெழுகிருவோம். மஞ்சத்தண்ணி, செம்பருத்தி, சூடம். புள்ளையாரு பாதம் கோணலா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"மறுநாள் அளக்க வருவாரே ரேஞ்சர், பூவைப் பார்த்ததில்லையா?"

"எங்க பாக்குறது? கணக்கெழுதுற கிராணி கண்டா கத்துவாருன்னு, காலையில ஆளெண்ணுற பெரட்டுக்கு முன்னாடியே எல்லாத்தையும் அள்ளிருவோம். ஒங்க தம்பியா அவரு? ரொம்ப பக்திங்க. வந்ததும் பாதத்துக்கு முன்னால முட்டி போட்டுருவாரு."

பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "கயிறெல்லாம் சாத்துவாரே! நாங்க பூ சாத்துனா, ஐயா கயிறு சாத்துறாருன்னு பேசிக்குவோம்."

சிரிக்காமல் இருக்க முயன்றேன், தம்பி. முடியவில்லை. அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள், எதற்கு என்று தெரியாமலே. ரயிலில் திரும்பும்போதுதான் சிரிப்பு வற்றியது. ஓரம் சீவி அகலமான ஒற்றைத்தந்தனின் காலடிதான் பெரியவர். அந்தக் கூட்டத்தில் ஆண் ஒன்றே ஒன்று. அதைச் சுடத்தான் மனு.

மூன்று நாள் பிரதியைத் தொடவில்லை. வாயை மூடிக்கொண்டால் உன் பெயர் நிற்கும், யானை சாகும். சொன்னால், எட்டு வருடம் நீ நடந்து எழுதிய எல்லாப் பக்கத்தின் மீதும் சந்தேகம் விழும். அந்த ஆற்றோரக் காட்டை இன்னும் வெட்டாமல் விட்டிருப்பதே உன் பக்கங்களை நம்பித்தானே? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டுப் பார்த்தேன். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் மூன்று நாள் ஆயிற்று.

துரை நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, "அப்படியானால் மற்றப் பக்கங்களை நான் எப்படி நம்புவது?" என்றார்.

"சரிபார்த்துவிட்டேன். தவறெல்லாம் ஒரே இடத்தில், ஒரே கிழமையில் இருக்கிறது. கற்பனையாக எழுதுபவன் எல்லா இடத்திலும் தவறு செய்வான். இவன் தன் கண்ணெதிரே இருந்ததைச் சரியாக அளந்திருக்கிறான்" என்றேன்.

சுட அனுமதி இல்லை என்று மனுவின் மேலேயே எழுதினார். கன்றுகளைச் சுற்றிப் பள்ளம் வெட்டிக்கொள்ளும்படி மானேஜருக்கு உத்தரவு. காட்டைப் பற்றி மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஒரு வருடம் மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நான் படியிறங்கும் முன்பே ஆபீசில், "ரேஞ்சர் பொய் யானை எழுதினாராம்" என்ற பேச்சு கிளம்பிவிட்டது. பிழைக்கும் பொய்க்கும் நடுவே இருக்கும் தூரத்தை யாரும் அளப்பதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான்காவது நோட்டில், கடைசிச் சனிக்கிழமைக்கு எதிரே சின்னதாக ஒரு வளைவு இருக்கிறது. அது கேள்விக்குறியா? உனக்கும் சந்தேகம் வந்துவிட்டதா? போய்ப் பார்ப்பதற்குள் காய்ச்சல் வந்துவிட்டதா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பேனா வழுக்கிய கோடாகவும் இருக்கலாம். கேள்விக்குறி என்று நம்ப ஆசையாக இருக்கிறது. ஆசை இருப்பதாலேயே நம்பத் தயக்கமாக இருக்கிறது.

இனி இங்கத்துச் செய்தி. உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. பள்ளி விடுமுறை நாட்களில் நான் போய் அளக்கத் துரை சம்மதித்திருக்கிறார். பூசையை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முனியம்மாவே வழி சொன்னாள்: "நாலு காலு இருக்குல்ல டீச்சரம்மா? முன்காலு ஒண்ண ஒங்களுக்கு உட்டுர்றோம். மத்தது எங்க புள்ளையாருக்கு." அன்றே அந்த ஒரு தடத்தின்மேல் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான் சேற்றில் முட்டி போட்டுக் கயிற்றைச் சுற்றினேன். பின்னாலிருந்து ஒருத்தி, "அக்காளும் தம்பி மாதிரியே பக்திடி" என்றாள். மறுக்கவில்லை.

உன் தவறான வரிகளை நான் அடிக்கவில்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அது எப்படி நேர்ந்தது என்று எழுதி, என் பெயரின் முதலெழுத்தைப் போட்டிருக்கிறேன். இனி எண்ணுவதில் தவறு வந்தால் அது என் பெயரில் இருக்கும்.

இதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், தம்பி. அந்தக் காட்டில் ஆண் யானை ஒன்றுதான். அது உயிரோடு இருக்கும்வரை ஒன்று என்றே எழுதுவேன். யார் கேட்டாலும் இரண்டாக்கமாட்டேன், உனக்காகக்கூட. என்றாவது ஒரு நாள் அது இல்லாமல் போனால், இல்லை என்பதையும் வேறு யார் கைக்கும் விடாமல் நானே எழுதுவேன்.

நீ எழுதியதைத் திருத்தியும், உன்னை அப்படியே வைத்திருக்கும்
உன் அக்கா