ஸ்தோயானும் பெயரில்லாதவளும்

ஜூன் 3, செவ்வாய்

டார்னெய்ட் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை டிராஃபிக். மகள் இன்குபேட்டருக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். குறைமாதப் பிள்ளை, மூச்சுக்கு இன்னும் குழாய்தான். அட்டையில் ‘ஹம்சாவின் பாப்பா’ என்று என் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். நர்ஸ் இன்றும் பெயர் கேட்டாள். மழுப்பிவிட்டேன். போன தடவை பையனுக்குப் பிறந்த அன்றே ஆசையாகப் பெயர் வைத்தோம். மறுநாள் அவன் இல்லை. இவள் முதலில் பிழைத்து வரட்டும்.

ஜூன் 5

பக்கத்து இன்குபேட்டரில் புதிதாக ஒரு பையன். இவளைவிடப் பொடியன். அதற்குள் ‘ஸ்தோயான்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டார்கள். எப்படி இவ்வளவு தைரியம்?

ஜூன் 6

அவன் அம்மா வெஸ்னாவிடம் கேட்டே விட்டேன். மாசிடோனியாக்காரர்கள். ஸ்தோயான் என்றால் நிற்பவன், போகாமல் இருப்பவன் என்று அர்த்தமாம். பிள்ளை தங்காத வீடுகளில் அந்தக் காலத்திலிருந்தே வைக்கிற பெயர். அவளுக்கும் முதல் பெண் தங்கவில்லை. பிழைத்த பிறகு வைக்கிற பெயரில்லை இது, பிழைப்பதற்காக வைப்பது என்றாள்.

என் அப்பா பெயர் பிச்சைக்கண்ணு! முன்னால் பிறந்ததெல்லாம் போய், இவரைத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கி, சாமி போட்ட பிச்சை என்று வைத்த பெயர். எங்கேயோ பனி பெய்கிற மலைநாட்டில் அதே பயம், அதே தந்திரம். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தது? ஒருவரும் இல்லை. நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருக்கிறது.

ஜூன் 7

என் வீட்டுக்காரர் பிரசன்னாவிடம் சொன்னேன்.

“அதுக்காகப் பிச்சையம்மானு வைக்கப் போறியா? ஸ்கூல்ல கிண்டல் பண்ண மாட்டாங்களா?”

“ஸ்கூலுக்குப் போற வரைக்கும் இருக்கட்டுமே! அப்புறம் வந்து என்னைத் திட்டட்டும்!” — கத்திவிட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜூன் 9

அலாரம் அடித்தது. அவளுக்கு மூச்சு நின்றுவிட்டது. டாக்டர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் எதைச் சொல்லிக் கூப்பிடுவேன்? பெயர்தான் கொடுக்கவில்லையே — பாவி! “பிச்சையம்மா, போகாதடி, போகாதடி...” வாய் தானாகச் சொன்னது.

திரும்பி வந்தாள். டாக்டர்கள் கெட்டிக்காரர்கள்தான், தெரியும். ஆனாலும்.

ஜூலை 24

ஸ்தோயான் வீட்டுக்குப் போய்விட்டான். இவளுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

அட்டையை மாற்ற நர்ஸ் வந்தபோது பிரசன்னாவே முந்திக்கொண்டு ‘பிச்சையம்மா’ என்று பெயரைச் சொன்னார். நர்ஸுக்கு வாயில் நுழையவில்லை. மெதுவாகப் பழகிக்கொள்ளுங்கள், இவள் இங்கேதான் இருக்கப் போகிறாள் என்றார்.