வசந்திக்கு எடுத்து வைத்த நாவல்

மார்ச் 14, சனிக்கிழமை

இன்று ஒரு சின்னத்தனம் செய்துவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் நூலகத்துக்குப் போனது மூன்று புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கத்தான். ஒன்றையும் முடிக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் படிக்காதவை முழங்கால் உயரத்துக்கு நிற்கின்றன. புதிதாக எதுவும் எடுக்கக்கூடாது என்றுதான் உள்ளே போனேன்.

மேசையில் புது நாவல் ஒன்று, வசந்தியின் பெயர் எழுதிய சீட்டோடு இருந்தது. வசந்தி என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவள். வாரம் ஒரு புத்தகம் முடிப்பாள். வாசகர் கூட்டத்தில் அவள் பேசினால் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும்தான்.

"இதை நான் எடுத்துக்கிறேன்."

"அது வசந்தி அக்காவுக்கு எடுத்து வச்சது லா," என்றாள் நூலகத்துப் பெண்.

"அவளுக்குத்தான். நான் கொண்டுபோய்க் கொடுத்திடுறேன்."

பொய் எவ்வளவு இயல்பாக வந்தது! எல்ஆர்டி ரயிலில் நாவலை மடியில் வைத்து, பிரித்து முகர்ந்துகூடப் பார்த்தேன். வீடு வரும்வரை ஒரே சந்தோஷம்.

எட்டு மணிக்கு வசந்தி போன் செய்தாள்.

"ஏய், எனக்காக புக் எடுத்தியாமே! நல்லவடி நீ. அவசரமில்ல லா, நீயே முதல்ல படி. அடுத்த கூட்டத்துல நீ பேசு. நீ பேசி நான் கேட்டதே இல்லையே."

கிண்டலாக இருக்குமோ என்று குரலைக் கூர்ந்து கேட்டேன். இல்லை. அவள் திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இருபது பக்கம் படித்துவிட்டேன். நல்ல நாவல்தான். ஆனால் இந்தப் பக்கத்தைப் பற்றி வசந்தி என்ன சொல்வாள் என்றுதான் ஒவ்வொரு பக்கத்திலும் தோன்றுகிறது. எனக்கு என்ன தோன்றுகிறது என்று இன்னும் தெரியவில்லை.