எங்கள் ஊர்த் தபீத்தாள்

ஏப்ரல் 28, திங்கள்
லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை முடிந்ததும் கோவிலுக்குப் போய் ஒலிபெருக்கியைச் சரிசெய்தேன். மே 11 ஞாயிறு வேத வாசிப்பில் தபீத்தாள் வருகிறாள். வேதத்தில் யோப்பா என்று வருகிற எங்கள் யாஃபா ஊர்க்காரி. பெயரோடு 'சீஷி' என்று எழுதப்பட்டவள் இவள் ஒருத்திதான். ஆனால் வருடா வருடம் அன்றைய பிரசங்கம் குணமாகிப் படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடந்த ஆளைப் பற்றித்தான். எரிச்சல்.

தங்கை நுஹா அந்தப் பகுதியைத் தானே ராகத்தோடு வாசிக்க அனுமதி கேட்கப்போகிறாளாம். எங்கள் கோவிலில் பெண் வாசித்ததே இல்லை. கேட்கட்டும். குரல் இருக்கிறது.

மே 1
"வாசகர் சம்மதிச்சா எனக்குச் சரி" என்று பாதிரியார் நழுவிவிட்டார். கோவிலில் வேதம் வாசிக்கும் அந்த வாசகர் எங்கள் மிட்ரி பெரியப்பா. அவருடைய மீன்கடையிலேயே போய்ப் பிடித்தேன்.

"தபீத்தாள் சீஷின்னு வேதமே சொல்லுதே, பெரியப்பா."

"சொல்லுது. அந்தம்மா அதுல ஒரு வார்த்தை பேசியிருக்காளா? தைச்சா, குடுத்தா, செத்தா, எழுந்தா. வாயத் தொறக்கல. நீ போய் லிஃப்ட்ட ஏத்தி எறக்குடா."

வீட்டுக்கு வந்து தேடினேன். உண்மைதான். ஒரு வார்த்தை இல்லை. சே.

மே 2
நுஹாவிடம் சொன்னால் சிரிக்கிறாள்!

"அவ ஏண்ணா பேசணும்? அவ செத்துக் கிடந்தப்ப விதவைங்க அவள எழுப்ப வந்த பேதுருவச் சுத்தி நின்னு, அவ தைச்சுக் குடுத்த துணியெல்லாம் காட்டினாங்களே, அத விட்டுட்டியா?"

மறுபடி படித்தேன். ஆமாம். அழுதுகொண்டே துணிகளை எடுத்துக் காட்டுகிறார்கள். வெறும் புகழ்ச்சி இல்லை, கையில் ஆதாரம். எனக்கு இது புரிகிறது.

மே 5
துணி விஷயத்தைச் சொல்லியும் பெரியப்பா மசியவில்லை.

மே 10, சனி
மாலை ஜெபம் முடிந்து வெளியே வந்த பெரியப்பாவை முற்றத்தில் எங்கள் ஊர் விதவைகள் மறித்துக்கொண்டார்கள். முட்டிவலியால் குளிர்காலம் முழுக்க வீட்டோடு கிடந்தவர்கள். முன்னால் நின்றவள் சமானின் அம்மா, உம் சமான் கிழவி.

"மிட்ரி, நான் படுத்துக் கெடந்தப்ப ஒரு தரம் வந்து வாசிச்சியா?"

"கடை இருக்கே, உம் சமான்..."

"ஆமா, மீனுக்கு வாசிச்சிருப்ப. வெள்ளிக்கு வெள்ளி வந்து வாசிச்சவ நுஹாதான். எனக்கு எழுத்தே தெரியாது. இப்பக் கேளு."

பாடினாள். தபீத்தாள் பகுதி, முழுவதும், நுஹாவின் ராகத்தில், பிசகாமல். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரியப்பாவின் உதடுகளும் கூடவே அசைந்தன, அவரால் அடக்க முடியவில்லை. நுஹா தூணருகே முகம் சிவந்து நின்றாள், வாயே திறக்கவில்லை.

"முடிவுல இன்னும் கொஞ்சம் இழுக்கணும்," என்றார் பெரியப்பா. பிறகு, "நாளைக்கு மட்டும். ஒரே தடவை."

மே 11
வாசித்தாள். மைக்கை நான் போடவே இல்லை. கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. பேதுரு கைகொடுத்து அவளை எழுப்பும் இடத்தில் பக்கத்தில் நின்றவன் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். என் தங்கச்சிடா அவ! என் தங்கச்சி!

மே 16
பெரியப்பா போன் செய்தார். முதுகு வலியாம், இந்த ஞாயிறும் நுஹாவே வாசிக்கட்டுமாம். காலையில் அவர் ஐஸ் போட்ட மீன்பெட்டியைத் தனியாளாகத் தூக்கி வண்டியில் வைத்ததைப் பார்த்தேன். முதுகுக்கு ஒன்றுமில்லை.