ஆள் மட்டும் கற்பனை

அக்கா,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு முதல்முறையாக நேற்று உங்கள் மகன் வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்தான். பிரித்ததும் பாச்சை உருண்டை வாசம். நம் படத்தில் நீங்கள் கட்டியிருந்த அரக்குச் சேலை. "சித்தி, இதை நீங்களே வெச்சுக்கங்க. அந்தப் படத்தை மட்டும் அழிச்சுப்போடுங்க" என்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு கல்லூரியில் அதைத் திரையிடப்போவது அவன் காதுக்கு எட்டியிருக்கிறது.

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிற நானும், சங்ககிரி பைபாஸில் மெஸ் நடத்திய நீங்களும் சேர்ந்து எடுத்த நாற்பது நிமிடப் படம். பாட்டில்லை, சண்டையில்லை, கதாநாயகனே இல்லை. எதிரே ஒரு காலி நாற்காலி. அதற்கு இலை போட்டுப் பரிமாறி, வராத ஒருவனிடம் கொஞ்சிப் பேசுவீர்கள். கடைசியில் சாலையில் போகும் ஒரு லாரிக்குக் கையசைப்பீர்கள். அவ்வளவுதான்.

அதை உங்கள் மெஸ்ஸிலேயே போட்டுக் காட்டினோம். நம் ஊர் சும்மா இருக்குமா? லாரியின் நம்பரைக் குறித்துக்கொண்டு, நீங்கள் கொஞ்சிய ஆள் நாமகிரிப்பேட்டை டிரைவர் ஒருவர்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் வீட்டில் ஒரே ரகளை. நீங்கள் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப்போய் அவர் மனைவி முன்னால் நின்றீர்கள். "உங்க ஊட்டுக்காரர் மூஞ்சியவே நான் பார்த்ததில்லீங்க. நான் நெனச்ச ஆளு எங்கயுமே இல்லீங்க" என்றீர்கள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு நமக்குக் காபி கொடுத்தார்.

திரும்பும்போது பயந்தது நான்தான். படத்தின் தொடக்கத்தில் 'அனைத்தும் கற்பனையே' என்று ஒரு வரி போட்டுவிடலாம் என்றேன்.

"ஆளுதான் கற்பனை சாமி. ஆசை எனக்கு நெசம். அதைப் பொய்யின்னு போடாதே" என்றீர்கள்.

அழிக்க மாட்டேன் என்றதும் உங்கள் மகன் அந்த வரியையாவது போடச் சொன்னான். அதுவும் முடியாது என்றேன். நீங்கள் சொன்னதையும் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது.

"அப்பா செத்த பொறகு அம்மாவுக்கு இதெல்லாம் தேவையாங்க சித்தி?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அன்னிக்குச் செத்தது உங்கப்பா கண்ணு. உங்கம்மா இல்ல."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பாவம், அவன்மேல் கோபமில்லை, வருத்தம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை படம் அப்படியே ஓடும். உங்கள் பெயரைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன்.

கல்யாணம் ஆகாத நான், இந்த நாற்பத்தாறு வயதில் வெட்கப்படாமல் ஆசைப்படுகிறேன் அக்கா. உங்களிடம் கற்றதுதான். ஆள் யாரென்று ஊர் தேடிக்கொள்ளட்டும்.