முகத்துவாரத்தில் தாழும் படகு

மார்ச் 2, காலை 7.10. தெற்கு முகாம், டைட்டன்

வெளிக்குளிர் வழக்கம்போல் கழித்தல் நூற்றெண்பது. காற்று இல்லை. சூடேற்றி சரி, பிராணவாயு சரி, ஆள்தான் சரியில்லை. நேற்றும் விரிகுடாவில் துடுப்புப் போட்டுப் பழகினேன்; தோள் இரண்டும் கழன்றுவிடும்போல் இருக்கிறது. கரூரில் அமராவதியை முழங்கால் அளவுக்கு மேல் பார்க்காதவளுக்கு, நாற்பத்தெட்டு வயதில் சனிக்கிரகத்து நிலவில் கயாக் ஓட்டும் யோகம்.

ஏப்ரல் நடுவில் தாய்க்கப்பலிலிருந்து இங்கே இறங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். அதுவரை உங்களோடு பேச வழியில்லை. நான் பூங்கோதை, பொறியாளர். என்னோடு இருந்தவன் இஸ்ரவேல், வானிலை ஆய்வாளன். வடக்குக் குடிலில் கருவிகளைப் பார்க்கப் பறக்கும் வண்டியில் போனான். வண்டி நொறுங்கியது, அவன் தப்பித்துக் குடிலில் சிக்கிக்கொண்டான். ஆனால் குடிலின் மின்கலம் ஏப்ரல் தொடக்கம்வரைகூடத் தாங்குமோ என்னவோ.

நடுவில் செங்குத்து மலை. கரையோரக் கடல் ஒன்றுதான் வழி. ஒரு வாரத்துக்கும் மேலே துடுப்புப் போட வேண்டும். தூக்கம் வந்தால் கரையேறிக் கூடாரம். உதிரித் தொட்டியைப் பிளந்து இரண்டு இருக்கைப் படகு செய்திருக்கிறேன். போய் அவனை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். வேலை அவ்வளவுதான்.

மார்ச் 5, மாலை 4.30

பாரம் ஏற்றிப் பார்த்தேன். கையில் தூக்கினால் இங்கே எல்லாமே பஞ்சு. ஆனால் கடலை ஏமாற்ற முடியாது. இது தண்ணீரில்லை, ஈத்தேனும் மீத்தேனும் கலந்த கடல். தண்ணீர் தாங்குவதில் பாதியைத் தாங்கினால் பெரிது. இஸ்ரவேலுக்குப் பதிலாகப் பனிக்கற்களை வைத்து, மின்கலம், உணவு எல்லாம் ஏற்றி நானும் உட்கார்ந்தேன். விளிம்பு நான்கு விரற்கடை மேலே நின்றது. இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தேன்.

ரேடியோவில் இஸ்ரவேலிடம் தோள்வலியைச் சொல்லிப் புலம்பினேன். தூத்துக்குடிக்காரனுக்கு என் படகோட்டம் நல்ல வேடிக்கை.

"எக்கா, கையால போட்டா தோளு போகத்தான் செய்யும். இடுப்பத் திருப்பிப் போடுங்க. குழம்பா கிண்டுதீக?"

வரும்போது எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவரச் சொன்னான். உயிரைக் காப்பாற்றப் போகிறேன், இவனுக்கு ஊறுகாய்.

மார்ச் 9, காலை 6.00

மழை. நான் வந்த பிறகு இதுதான் முதல் மழை. மீத்தேன் துளிகள் கோலிக்குண்டு அளவில், அவசரமே இல்லாமல் இறங்குகின்றன. முகாமை ஒட்டிய வறண்ட ஓடையில் வெள்ளம். இது வரும் என்று முதலில் சொன்னவன் இஸ்ரவேல்தான். இன்று அவன் அதிகம் பேசவில்லை. குளிராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 11, மதியம் 1.15

கற்களோடு கட்டிப்போட்டிருந்த படகு தாழ்ந்திருக்கிறது. நான் ஏறி உட்கார்ந்ததும் விளிம்பு மட்டத்துக்கு வந்துவிட்டது. ஓட்டை தேடினேன், தடவித் தடவித் தேடினேன். ஓட்டை இல்லை.

பிறகுதான் கடலை அள்ளிச் சோதித்தேன். ஓடை கொண்டுவந்து கொட்டுவது வெறும் மழை மீத்தேன், கடலைவிட மெல்லியது. அதில் படகு இன்னும் ஆழத்தில்தான் மிதக்கும். வழியில் இரண்டு பெரிய ஆறுகள் கடலில் சேருகின்றன. அந்த முகத்துவாரங்களில் ஒருவர் ஏறிய படகு போகும். இருவர் ஏறினால் மூழ்கும்.

அவனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

மார்ச் 14, இரவு 9.40

காலித் தொட்டிகளைப் பக்கவாட்டில் கட்டினேன். குளிரில் பற்றவைப்பு விரிசல் விட்டு நிரம்பிக்கொண்டன. வெள்ளத்தை விட்டு விலகி நடுக்கடல் வழியாகச் சுற்றலாம் என்றால், கரையேறித் தூங்க இடமில்லை. உடையின் சூடு அதுவரை வராது. கூடாரத்தை விட்டேன், மாற்றுத் துடுப்பை விட்டேன், உணவைப் பாதியாக்கினேன். போதவில்லை. குடிலைச் சூடாக வைக்கும் அளவு மின்கலம் படகில் ஏறாது, இன்னொரு நடை போய்வர நாளும் இல்லை. இந்த ஆறுகள் வடிவதற்குள் நீங்கள் வந்து போய்விடுவீர்கள். அலுத்துப்போய்விட்டது எனக்கு. கணக்கை எத்தனை தரம் போட்டாலும் அதே விடை.

சற்று முன் அவனே கூப்பிட்டான். அப்படியே எழுதுகிறேன்.

"எக்கா, மழ பெஞ்ச அன்னைக்கே எனக்குத் தெரியும். உப்புத்தண்ணியில வந்த கப்பல் ஆத்துக்குள்ள நொழஞ்சா தாழும்னு எங்க ஊர்ல சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன், சொல்லல. நீங்க வராண்டாம். வந்தா ஒருத்தர் இங்கன கெடக்கணும். கெடக்கதுக்குத்தான் ஏற்கெனவே ஒருத்தன் இருக்கேனே."

நான் வாயெடுப்பதற்குள் ரேடியோவை அணைத்துவிட்டான்.

மார்ச் 15, காலை 5.20

இரவெல்லாம் கூப்பிட்டேன். திட்டிப் பார்த்தேன். கெஞ்சினேன். அழுதேன், அதையும் எழுதிவைக்கிறேன். அவன் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞையையும் நிறுத்திவிட்டான், அது இல்லாவிட்டால் எனக்கு வழி தெரியாது என்பதுபோல. கரையைப் பிடித்துக்கொண்டு போனால் குடில். இதற்குப் பெரிய வழிகாட்டி வேண்டுமாக்கும்.

மார்ச் 16, காலை 6.45

நான் தியாகம் செய்கிற ஆள் இல்லை. உயிர் மேல் எனக்கும் ஆசை உண்டு. கணக்குப்படி நான் போனாலும் போகாவிட்டாலும் தப்பப்போவது ஒருவர்தான். ஆனால் அவன் அங்கே தனியாக உறைந்துகொண்டிருக்க, நான் இங்கே சூடேற்றி பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டேன்.

மறுபடி கூடாரத்தை ஏற்றினேன். திரும்பி வர ஒருவருக்கான மின்கலம். ஊறுகாய். திரும்புவது யார் என்று அங்கே போய்ச் சண்டை போட்டுக்கொள்வோம். அவன் பிடிவாதக்காரன். நானும் குறைந்தவள் இல்லை.

விளிம்பு உயர்ந்து நிற்கிறது, இப்போதைக்கு. கயிற்றை அவிழ்க்கப் போகிறேன்.

நீங்கள் இறங்கும்போது கரையில் படகு நின்றால், அதில் ஒருவர்தான் வந்திருப்பார். முகாமுக்குள் உங்களுக்காகக் காத்திருப்பார். இன்னொருவர் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். கதவைத் திறந்து உள்ளே போய், குடிக்கச் சூடாக ஏதாவது கொடுங்கள்.