நீக்க மறந்த முகவரி

கிழக்குத் தாம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள எலியேசருக்கு,

டப்ளினில் நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே யாரும் சுகமில்லை. மெயில் என்றாலே கை கூசுவதால் இதைக் காகிதத்தில் எழுதி, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். என் கையெழுத்தைத் திட்டிக்கொண்டாவது முழுவதும் படித்துவிடு. ப்ரியா என்னிடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறாள். அவள் புருஷன் அரியின் மெயிலில் ஒன்றே ஒன்றை அணைக்க வேண்டும். ஒரு நிமிட வேலைதான். என்னால் முடியவில்லை. நீ செய்து தர வேண்டும்.

அரிகிருஷ்ணன் போனதை நீ ஃபோனில் கேட்டாய், அவ்வளவுதான். நீ வராததில் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். குரோம்பேட்டையில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவனைத் தூக்கும்போது நம்மில் நான் மட்டும்தான் இருந்தேன். பித்தப்பைக் கல்லுக்குச் சின்ன ஆபரேஷன் என்று சிரித்துக்கொண்டே போனான். ஆபரேஷனும் நன்றாகத்தான் முடிந்தது. மறுநாள் காலையில் இதயம் நின்றுவிட்டது. யாரைக் குறை சொல்வது?

காரியத்துக்கு முன்னால் ப்ரியா, "அவருக்கு யார் யாரைத் தெரியும்னே எனக்குத் தெரியலண்ணா. எல்லாருக்கும் நீங்களே சொல்லிடுங்க" என்றாள். அரியின் மெயில் மொத்தத்தையும் இறக்கிக்கொண்டேன். ஒவ்வொரு மெயிலின் தலையிலும் அனுப்பியவர், பெறுநர், நகல் என்று வரிகள் இருக்குமே, அவற்றிலிருந்து முகவரிகளைப் பிரித்தெடுக்கப் பைத்தானில் ஒரு குட்டி ப்ரோக்ராம் எழுதினேன். அதற்கென்று ஆயத்தமாக ஒரு கட்டளை பைத்தானிலேயே இருக்கிறது. தெரிந்தும் நானே எழுதினேன். உட்கார்ந்து அழுவதற்கு அது தேவலை என்று இருந்தது.

காற்புள்ளி வரும் இடத்தில் வெட்டினால் போதும் என்று நினைத்தேன். பெயருக்குப் பின்னால் காற்புள்ளி போட்டு இனிஷியல் எழுதுகிறவர்களெல்லாம் இரண்டு துண்டானார்கள். தன் பெயரைத் தமிழில் வைத்திருந்த நம் வாத்தியார் யக்ஞநாராயணன் சார், வெறும் எண்ணும் எழுத்துமாகக் கந்தலாகி வந்தார். ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். வங்கி, ரயில் டிக்கெட், கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் எல்லாரையும் தள்ளினேன். நமக்குத் தெரியாமல் இவனுக்கு இத்தனை பேரா என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு எல்லாருக்கும் தனித்தனியாகப் போகும்படி, அரிகிருஷ்ணன் காலமானார், பீர்க்கன்கரணை வீட்டில் இன்ன நாள் காரியம் என்று அனுப்பினேன்.

பாதி திரும்பி வந்தது. அந்த முகவரிகளில் இப்போது யாரும் இல்லையாம். வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிக்காரி ஒருத்தி, அரிக்குப் பொருத்தமான நல்ல வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தாள். சானடோரியம் ஸ்டேஷனில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அரிகிருஷ்ணன் என்ற பெயரில் ஒரு பதில் வந்தது. "ஆஸ்பத்திரியில் சின்ன வேலை. திங்கட்கிழமை வந்ததும் பதில் போடுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். அரி."

அட்மிட் ஆவதற்கு முன்னால் அவன் போட்டுவைத்த தானியங்கி பதில். அவனுக்கு வந்த மெயில் எல்லாவற்றிலும் பெறுநர் அவன்தானே! முதலில் நீக்கியிருக்க வேண்டிய முகவரி அது. பழகின பெயர் என்பதால் கண் அதில் நிற்கவே இல்லை. அரி செத்துப்போனதை அரிக்கே எழுதியிருக்கிறேன். என்னை எதைக் கொண்டு அடிப்பது? பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். மனசு தாங்காமல் போய் ப்ரியாவிடம் சொன்னேன். அவள் மகள் ஸஹானா சோபாவில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நாலாம் வகுப்புக் குழந்தை, காதில் வாங்க மாட்டாள் என்று நினைத்தேன். பள்ளியில் கொடுத்த மெயிலிலிருந்து அன்றைக்கே அப்பாவுக்கு எழுதியிருக்கிறாள். உடனே பதில் வந்துவிட்டது. ஒருவருக்கு ஒரு முறை பதில் போனால், மறுபடி சில நாள் கழித்துத்தான் போகும். இடையில் பதில் வராத நாட்களில், அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று சாப்பிடாமல் கிடக்கிறாள். வந்த நாட்களில் சிரிக்கிறாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. திங்கட்கிழமை வந்தால் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம். ப்ரியா அவளை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா இனி வர மாட்டார், அது கம்ப்யூட்டர் தானாகப் போடுகிற பதில் என்று சொல்லிப் பார்த்தாள். "எந்த மண்டேன்னு அப்பா போடலையேம்மா" என்றதாம் குழந்தை.

"அண்ணா, அத ஆஃப் பண்ணிடுங்கண்ணா. ஞாயித்துக்கெழம ஆனாலே நாளைக்கு இவள எப்படி ஸ்கூலுக்கு அனுப்புறதுன்னு இருக்கு" என்று நேற்று ப்ரியா அழுதாள். பாஸ்வேர்ட் என்னிடம் இருக்கிறது. இன்று காலையில் திறந்தேன். செட்டிங்ஸில் அவன் அடித்த வரிகள் அப்படியே இருந்தன. அணைத்துவிட்டால் குழந்தை எத்தனை எழுதினாலும் ஒன்றும் வராது, கொஞ்ச நாளில் பழகிவிடுவாள். அதுதான் அவளுக்கு நல்லது, எனக்கும் தெரியும். இருந்தும் கை போகவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ப்ரியாவிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். குழந்தை மட்டும் இல்லை எலி, நானும் அவனுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாஸ்வேர்டை ஃபோனில் சொல்கிறேன். நாளைக்குத் திங்கட்கிழமை. இங்கே குழந்தை எழுந்திருப்பதற்குள் நீ அணைத்துவிட வேண்டும். தூரத்தில் இருக்கிறவனுக்கு இது கொஞ்சம் சுலபமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதே. உன் உடம்பைப் பார்த்துக்கொள், வருடத்துக்கு ஒரு தரமாவது டாக்டரிடம் காட்டு.

இன்னும் ஒன்று. அணைப்பதற்கு முன்னால் அவனுக்கு ஒரு வரி எழுதிப் பார்க்கலாமா என்று உனக்கும் தோன்றும். எழுதாதே, மச்சான். பதில் வரும்.

உன்,
ஷ்யாம்சுந்தர்