டின்னில் கிடந்த ஐந்து பொத்தான்கள்

அக்கா,

யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்த நேரம். போன் திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: நம் சுபா, அவளோடு படிக்கும் கொரியாக்காரப் பிள்ளை, போர்ச்சுகல்காரப் பிள்ளை. இந்தப் பக்கம் இரண்டு பேர்: நான், உங்கள் தம்பி. என் வீட்டுக்காரரை நீங்கள் தம்பி என்றே கூப்பிட்டதால், உங்களிடம் பேசும்போது எனக்கும் அவர் உங்கள் தம்பிதான். அவர் சட்டைக்குப் பொத்தான் தைப்பதற்காக அந்தப் பழைய பால்பவுடர் டின்னை என் மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். நீங்கள் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் உங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது.

மடியில் கிடந்த பொத்தான்களால்தான் இந்தக் கடிதம்.

சுபாவுக்கு பெல்ஜியத்தில் டிசைன் படிக்க இடம் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் முதலில் வாசித்தாள். அந்த ஞாயிறு வகுப்பில்லாத நாளாக இருந்ததால் மூன்று பேரும் ரயிலேறி ஊர் பார்க்கப் போயிருந்தார்கள். வெறும் ஊர் பார்ப்பு இல்லை. பழைய பொருள் ஒன்றைக் கண்டுபிடித்து, அதை வைத்திருந்த ஆளின் கை எங்கெங்கே பட்டுத் தேய்ந்திருக்கிறது என்று வரைந்து கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக ஒரு சந்தைக்குப் போய், அங்கிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

கல் பாவிய முற்றம் நிறைய சாமான். தரையில் விரித்த போர்வை மேலும் பெட்டிகளிலும் அள்ளிக் கொட்டியிருந்தது. முந்தின நாள் மழை பெய்திருக்கும்போல, எல்லாம் நனைந்து ஊறிக் கிடந்தது.

"எம்மா, இது எல்லாம் செத்தவியளுக்க வீட்டுச் சாமானாக்கும். ஆளு செத்துட்டா வீட்டைக் காலி பண்ண ஒருத்தன் வண்டி கொண்டு வருவான். அவன் எல்லாத்தையும் வாரிட்டு வந்து இங்க தட்டுவான்."

சொல்லிக்கொண்டே காட்டினாள். யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் படம், கண்ணாடி உடைந்து, மாப்பிள்ளை முகத்தில் ஈரம் ஏறி. ஒரு டம்ளருக்குள் பல்செட். வெள்ளை முடி சுற்றிய சீப்பு. உள்பாவாடைகள் ஒரு குவியல். அதை ஒருவன் காலால் ஒதுக்கிவிட்டுப் போனான். செத்தவர்களின் படுக்கையை வீட்டுக்கு வெளியே கொண்டு போட்டுவிட்டு, தலை முழுகி வீட்டுக்குள் வருகிறவர்கள் நாங்கள். அங்கே அதை நின்று விலை பேசுகிறார்கள்.

"ஏட்டி, ஒண்ணையும் தொடாத. போய் கை கழுவு."

"தொட்டாச்சு," என்று சிரித்துவிட்டு போனை நீட்டிப் பிடித்தாள். தவிட்டு நிறத்தில், முழங்காலுக்குக் கீழ் வரை, கம்பளிக் கோட்டு ஒன்று அவள் மேல் இருந்தது.

"சவத்துக்க உடுப்பையா மேல போட்டிருக்க?"

"அம்மா, கழுத்து உள்ளாற பேரு தச்சிருக்கு பாரு. வயசானவியள வெச்சுப் பாக்க இடத்துல துணி மாறிப் போவாம இருக்க இப்பிடித் தைப்பாங்களாம்."

ஊறுகாய் பாட்டிலையும் மருந்து அட்டையையும் பார்த்து நானே கற்ற இங்கிலீஷ்தான் எனக்கு. எழுத்துக் கூட்டினேன். மரியா என்று வந்தது. மீதி நூல் பிரிந்து போயிருந்தது. அதற்குள் கொரியாக்காரப் பிள்ளை அந்தக் கோட்டின் பைக்குள் கைவிட்டு என்னத்தையோ எடுத்துக் காட்டினாள். மூக்குத் துடைத்துக் கசக்கிய தாள். அந்த மரியா துடைத்தது. மூன்று பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நான் ஓக்காளித்தேன்.

"சோறு தின்ன உடனே பாக்க வேண்டிய சாமானாக்கும்," என்றார் உங்கள் தம்பி.

நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் சிரித்திருப்பீர்கள். ஊட்டிப் பக்கம் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவர் நீங்கள். உங்களுக்கு எதுவும் அருவருப்பில்லை. குலசேகரத்துக்குத் திரும்பி வந்த புதிதில் ஒன்றே ஒன்றைச் சொன்னீர்கள், எங்கள் வீட்டு ஒட்டுப்பால் மூட்டையை. ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டையில் மிச்சப் பால் உறைந்து ஒட்டிக் கிடப்பதைப் பிய்த்துக் கொண்டு வருவார்களே, அவர் விலைக்கு வாங்கி அடுக்குவாரே, அது. "ஊரே வாந்தி எடுத்துட்டுக் கிடக்க மாதிரி இருக்கு மக்கா," என்றீர்கள். அந்த நாற்றம் எங்களுக்குச் சோறு போடுவதால் என் மூக்குக்கு அது நாற்றமாகத் தெரிந்ததே இல்லை.

உங்கள் புண்ணின் நாற்றம் தெரிந்தது.

மார்பில் வந்த புண் உடைந்த பிறகு காலையிலும் சாயங்காலமும் கஞ்சி கொண்டு வந்தேன். கஞ்சியை ஸ்டூலில் வைத்துவிட்டு வாசல்படியில் போய் நின்றுகொள்வேன். வியர்வை துடைப்பது போல முந்தியை மூக்கில் வைப்பேன். ஒரு நாள் நீங்கள் கேட்டீர்கள்.

"ஏட்டி, மூக்கைப் பொத்தணும்னா பொத்து. அதுக்கு எதுக்கு வேர்வை தொடைக்க மாதிரி காட்டுக?"

நான் முந்தியை இறக்கி இடுப்பில் சொருகினேன்.

"ஒட்டுப்பால் மூட்டைக்குப் பக்கத்துல இருந்து சோறு திங்குவ. எனக்க புண்ணுக்கு உனக்கு ஓக்காளம்." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். சிரித்ததில் இருமல் வந்தது. அப்போதும் நான் படியைவிட்டு உள்ளே வரவில்லை. இதை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

சித்திரை வெயிலிலும் உங்களுக்குக் குளிர்ந்தது. மெத்தை மேல் உங்கள் கோட்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தீர்கள். மலையில் வாங்கிய கறுப்புக் கம்பளிக் கோட்டு. கிறிஸ்துமஸ் விடியக்காலை ஆராதனைக்கு நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து ஊரே சிரிக்கும். சுபா நாலு வயதில், பெரியம்மை என்று உங்களைக் கூப்பிட்டபடி அதற்குள் நுழைந்துகொண்டு, கை இரண்டும் தரையில் இழுபட வீட்டுக்குள் நடப்பாள். மேலே இருந்த மரப் பொத்தானைக் கடித்துக் கடித்து ஓரத்தைப் பிய்த்தே விட்டாள். வேறு பொத்தான் தைத்துத் தருகிறேன் என்றேன். "கிடக்கட்டு, ஆளு அடையாளம்லா," என்றீர்கள்.

கடைசி வாரத்தில் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள்: "மக்கா, இதைப் பிள்ளைக்குக் குடுத்து விடு. அவ போற ஊருல குளிரு எலும்புல ஏறும். நல்லா வெந்நீருல முக்கி நாலு நாள் வெயில்ல போடு, கேட்டியா. கழுவினா போவாத மணம் கிடையாது."

"செரி அக்கா," என்றேன். படியில் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

உங்களை அடக்கம் செய்த மறுநாள் உங்கள் அண்ணன் மகன் சாவியை என் கையில் தந்து, படுக்கைச் சாமானை எல்லாம் என்ன செய்யணுமோ செய்துவிடுங்கள் என்று சொல்லிப் போனார். நானும் உங்கள் தம்பியும் அதைப் பின்பக்கத் தோட்டத்தில் போட்டு எரித்தோம். கோட்டை நான் தனியாக எடுத்தேன். கழுத்துப் பக்கம் ஈரம் காய்ந்து விறைத்திருந்தது. உங்கள் மணம் இருந்தது. அண்டாவில் வெந்நீர் காய்ச்சக் கால்மணி நேரம் போதும். என்னால் முடியவில்லை. என் பிள்ளை மேல் இது படுவதா என்று நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது.

"அது பிள்ளைக்கு உள்ளதுல்லா?" என்றார் அவர்.

"செத்த உடம்புல கிடந்தது. எனக்க பிள்ளைக்கு வேண்டாம்."

எரிக்கும் முன் கத்தரிக்கோல் எடுத்து ஐந்து பொத்தானையும் அறுத்தேன். பழைய துணி எதையும் பொத்தான் அறுக்காமல் நான் போட்டதில்லை. கை அதன் பழக்கத்தைச் செய்தது.

"துணி ஆகாது, பட்டன் மட்டும் ஆகுமா?" என்று கேட்டார்.

"பட்டன் கழுவினா போவும்."

உங்கள் வாயிலிருந்து வந்த சொல்லையே எடுத்துச் சொன்னேன். அக்கா, என் மேல் எனக்குக் குமட்டல் வருவது அந்த ஒரு சொல்லை நினைக்கும்போதுதான். கம்பளி எரிந்தால் மயிர் கருகும் நாற்றம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு நாள் தலையிலேயே நின்றது. எண்ணெயும் சீயக்காயும் தேய்த்துக் குளித்து விளக்கேற்ற உட்கார்ந்தால், எண்ணெய் மணத்துக்குள்ளும் அதுவே வந்தது. வீட்டில் நடப்பதை எழுதிவைக்கும் நோட்டில் அன்றைக்கு இப்படி எழுதினேன்: மெத்தை ஒன்று, தலையணை இரண்டு, நைட்டி ஆறு, ரப்பர் ஷீட் ஒன்று, எரித்தது. கோட்டை எழுதவில்லை. இத்தனை வருஷ நோட்டில் தெரிந்தே நான் விட்ட வரி அது ஒன்றுதான்.

சுபா கேட்டபோது, உங்கள் அண்ணன் மகன் கொண்டுபோய்விட்டார் என்றேன். "அவியளுக்கு எதுக்கு அது?" என்று முகம் சுருங்கினாள். பிறகு கேட்கவில்லை. நாகர்கோவிலில் வாங்கிய ஜாக்கெட்டோடு விமானம் ஏறினாள். அங்கே போய் ஒரு மாதத்தில், அது காற்றுக்கே தாங்கவில்லை என்றாள்.

மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்தக் கோட்டைக் கழற்று என்று நான் சொல்லச் சொல்ல, அவள் காலருக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள்.

"சோப்பு மணம்தான் வருது. எம்மா, இப்பதான் எனக்கு முதுகுல சூடு ஏறுது. பெரியம்மைக்க கோட்டு இருந்தா நான் இது வாங்குவேனா?"

நான் குனிந்து ஊசியில் நூல் கோத்தேன்.

"இதுல ஒரு பட்டன் இல்ல. உனக்க டின்னுல பெருசா ஏதும் உண்டா?"

"இல்ல," என்றேன்.

உங்கள் தம்பி என் மடிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தார். "இது இருக்கே," என்று போனுக்கு முன்னால் பிடித்தார். ஓரம் பிய்ந்த பொத்தான். மறந்துபோய்ச் செய்தாரா, தெரிந்தே செய்தாரா, இன்று வரை நான் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "அப்பா, இன்னும் கிட்டக் காட்டுங்க," என்றாள். கை பட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத்தானே அந்தப் பிள்ளை அன்றைக்கு வீட்டைவிட்டு இறங்கியிருந்தாள். அது அவள் பல் பட்ட இடம்.

"நெட்டு கிட்டல மக்களே," என்று சொல்லி நான் போனை அமர்த்திவிட்டேன்.

"நெட்டு நல்லாத்தானே கிட்டிச்சு," என்றார் அவர். பொத்தானை என் மடியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு வரி வந்தது. "கோட்டை அவிய கொண்டு போனா, நான் கடிச்ச பட்டன் எப்பிடி நம்ம டின்னுல இருக்கு?" பிறகு ஒன்றும் இல்லை. தினமும் கூப்பிடுகிறவள் மூன்று நாளாகக் கூப்பிடவில்லை.

அக்கா, நான் திருந்திவிட்டேன் என்று உங்களிடம் எழுத மாட்டேன். அந்த மரியாவின் கோட்டும், அந்தத் தாளும், டம்ளரில் கிடந்த பல்லும் இன்னும் எனக்குக் குமட்டுகிறது. உங்கள் புண்ணை இப்போது பார்த்தாலும் படியில்தான் நிற்பேனோ என்னவோ. ஆனால் முகம் தெரியாத ஒருத்தியின் கோட்டு என் பிள்ளை முதுகுக்குச் சூடு கொடுக்கிறது, நீங்கள் பேர் சொல்லிக் கொடுத்ததை நான் சாம்பலாக்கினேன். ஐந்து பொத்தானையும் சேலை முந்தியில் முடிந்து வைத்திருக்கிறேன். குனியும்போதெல்லாம் முழங்காலில் இடிக்கிறது. இடிக்கட்டும்.

நோட்டில் விட்டுப்போன வரியை இன்று காலை எழுதினேன்: கம்பளிக் கோட்டு ஒன்று, சுபாவுக்கு உள்ளது, எரித்தது. விளக்கேற்றிவிட்டு அவளுக்கும் எழுதி அனுப்பினேன். உங்களுக்கும் தெரியட்டும் என்று அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"மக்களே, கோட்டை யாரும் கொண்டு போகவில்லை. நான்தான் எரித்தேன். பெரியம்மை உனக்கென்று தந்ததை, அவர்கள் புண் நாற்றம் அதில் இருக்கிறது என்று அருவருத்து எரித்தேன். உன்னிடம் பொய் சொன்னேன். பொத்தான் ஐந்தும் என்னிடம் இருக்கிறது. நீ வாங்கின கோட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் குமட்டல்தான். ஆனாலும் கழற்றாதே, அங்கே குளிர். பொத்தானை அனுப்பவா, வேண்டாமா? என்னைத் திட்டணும் என்றால் திட்டு. பதில் மட்டும் சீக்கிரம் போடு."